சீனப் பாரம்பரிய மருத்துவமும் இன்றைய மருந்து ஆராய்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோபல் பரிசு வாங்கித் தந்த மூலிகை என்று சீனாவின் ஒரு செடியைப் பற்றி நம்மவர்கள் அடிக்கடி பேசுகிறார்கள். மருந்தியல் வகுப்பிலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, அந்தப் பேச்சு எடுத்தால் பின்னாலேயே கேள்விகள் வந்துவிடும். அந்தக் கேள்விகளுக்கு இங்கே நேராகப் பதில் எழுதியிருக்கிறேன். அக்குபங்சரை இதில் சேர்க்கவில்லை. பேச்சு முழுக்க மருந்துகளைப் பற்றித்தான்.

சீன மருத்துவத்திலிருந்து உண்மையாகவே நவீன மருந்து ஏதாவது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. அவற்றில் மிகப் பெரியது ஆர்ட்டெமிசினின். கொடிய வகை மலேரியாவுக்கு இன்று உலகம் முழுக்க முதலில் கொடுக்கப்படும் சிகிச்சை, இதிலிருந்து பிறந்த மருந்துகளை நம்பித்தான் இருக்கிறது.

வியட்நாம் போர்க்காலத்தில் வட வியட்நாம் படையினர் காட்டுக்குள் மலேரியாவில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அதுவரை கைகொடுத்த குளோரோகுயின் அங்கே பலிக்கவில்லை. சீனாவிடம் உதவி கேட்டார்கள். 1967 மே 23 அன்று பெய்ஜிங்கில் ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. அந்தத் தேதியே பேராகி, அது ‘திட்டம் 523’ ஆனது. 1969 தொடக்கத்தில் பெய்ஜிங்கின் சீனப் பாரம்பரிய மருத்துவ அகாடமியில் வேலை பார்த்த டு யூயூவிடம் ஒரு குழுவின் பொறுப்பு வந்தது. அவருக்கு அப்போது 38 வயது. மருந்தாளுமை படித்தவர். முனைவர் பட்டமோ வெளிநாட்டுப் படிப்போ கிடையாது.

அவர் குழு வைத்தியர்களைக் கேட்டும் பழைய நூல்களைப் புரட்டியும் 2000-க்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளைச் சேர்த்தது. சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் அதிகமான சாறுகளை எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை 68 சதவீதம் கிருமியைக் கட்டுப்படுத்தியது. ஆனால் திரும்பச் செய்தபோது 12-க்கும் 40-க்கும் நடுவில் தடுமாறியது. இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த மருந்தின் உயிர். நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கெ ஹொங் எழுதிய அவசரகால மருந்துக் கைந்நூலில் ஒரு வரி இருக்கிறது: ஒரு பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் (பழைய சீன அளவு) நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்க வேண்டும். காய்ச்சச் சொல்லவில்லை. சீன மூலிகைகளைப் பெரும்பாலும் கஷாயமாகக் காய்ச்சுவதுதான் வழக்கம். சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று டு யூயூ யோசித்தார். சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈத்தரைக் கொண்டு சாறு இறக்கி, அதிலிருந்த அமிலப் பகுதியை நீக்கினார். 191-ஆம் மாதிரியை 1971 அக்டோபர் 4 அன்று எலிகளுக்குக் கொடுத்தபோது கிருமி முழுக்க ஒழிந்தது.

மனிதருக்குக் கொடுக்கலாமா என்று தெரியாத நிலையில், 1972-இல் அவரும் சக ஆய்வாளர்களும் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு தாங்களே அதைச் சாப்பிட்டார்கள். பிறகு ஹைனான் தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. அதே ஆண்டின் இறுதியில் தூய படிகம் கையில் கிடைத்தது. 2015-இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி அவருக்கு வந்தது. இதோடு நிறுத்தினால் நியாயமாகாது. யுன்னான், ஷாண்டோங் குழுக்களும் படிகம் பிரித்தார்கள். மூளை மலேரியாவில் நினைவிழந்து கிடந்தவர்களுக்கு இதைக் கொடுத்து வேலை செய்கிறது என்று காட்டியவர் குவாங்ஜோவின் மருத்துவர் லி குவோச்சியாவ். கட்டமைப்பைக் கண்டறிந்தது வேறொரு கூட்டம். பரிசு ஒருவருக்குப் போனாலும் உழைப்பு பல ஊர்களில் நடந்தது.

பழைய நூலிலேயே இருந்ததே, அப்புறம் ஆய்வுக்கூடம் எதற்கு? செடியை ஊறவைத்துக் குடித்தால் போதாதா?

போதாது. உலக சுகாதார நிறுவனமே இந்தச் செடியைத் தேநீராகவோ பொடியாகவோ மலேரியாவுக்குச் சாப்பிட வேண்டாம் என்று சொல்கிறது. செடிக்குச் செடி மருந்தின் அளவு மாறும். தேநீரில் இறங்கும் அளவு பெரும்பாலும் கிருமியைக் கொல்லப் பற்றாது. அரைகுறையாகத் தாக்கப்பட்ட கிருமி மருந்தைச் சமாளிக்கப் பழகிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. அந்த நூலில் சிங்ஹாவ் மட்டும் இல்லை. காய்ச்சலுக்கென்று எத்தனையோ குறிப்புகள் அதில் இருக்கின்றன. எது பலிக்கும், எது பலிக்காது என்று நூல் சொல்லவில்லை. சிங்ஹாவ் என்ற பேரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் புழங்கின. அவற்றில் ஆர்ட்டெமிசியா அன்னுவா என்ற இனத்தில்தான் மருந்து போதிய அளவில் இருந்தது, அதுவும் இலையில். எந்த இனம், எந்தப் பாகம், எந்தப் பருவத்தில் பறிப்பது என்பதெல்லாம் சோதனையில் தெரிந்தவை. கெ ஹொங்கின் வரி ஒரு துப்பு. துப்பு கொடுத்தவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் உயிரைக் காப்பாற்றுவது அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம்.

நம் பூக்கடைகளில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து இதற்கு உறவுச் செடிதான். உறவு என்பதால் அதை அரைத்துக் குடித்துவிட வேண்டாம்.

இந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது?

மலேரியாக் கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்ற மிச்சமாக இரும்பு கொண்ட ஹீம் சேர்கிறது. ஆர்ட்டெமிசினின் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பாலம்போல் இணைந்திருக்கின்றன. இரும்பைத் தொட்டதும் அந்தப் பாலம் உடைந்து, கண்டதைத் தாக்கும் துண்டுகள் உருவாகி, கிருமியின் புரதங்களைச் சிதைக்கின்றன. கிருமியின் தீனியே அதற்கு வினையாகிறது.

கடுமையான மலேரியாவில் பழைய குயினைனுக்கும் இதன் வழிவந்த ஆர்ட்டிசுனேட் ஊசிக்கும் உள்ள வேறுபாடு 2005-இல் தெளிவானது. வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மரில் 1461 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேரும் ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனையும் 2010-இல் ஆர்ட்டிசுனேட்டே மேல் என்று காட்டியது.

அப்படியானால் மலேரியாப் பிரச்சினை தீர்ந்ததா?

சீனாவில் தீர்ந்தது. 1940-களில் ஆண்டுக்குச் சுமார் 3 கோடிப் பேரைப் பிடித்த நோய் அங்கே ஒழிந்ததாக 2021 ஜூன் 30 அன்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இலங்கைக்கு அந்தச் சான்று 2016-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் கம்போடியாப் பக்கம் இந்த மருந்துக்குக் கிருமி மெதுவாகவே அடங்குவது முன்பே தெரியவந்திருந்தது. அதற்குக் காரணம் கெல்ச்-13 என்ற மரபணுவில் நேரும் மாற்றம் என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள். இப்போது ருவாண்டா, உகாண்டா உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் அந்த வகை மாற்றங்கள் தென்படுகின்றன. அதனால்தான் ஆர்ட்டெமிசினினைத் தனியாகக் கொடுக்காமல், உடம்பில் நீண்ட நேரம் தங்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சாப்பிடச் சொல்வதும் இதனால்தான்.

பாஷாணம் புற்றுநோய்க்கு மருந்தானது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஆர்ட்டெமிசினின் கதைக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

1970-களின் தொடக்கத்தில் சீனாவின் வடகிழக்கில் உள்ள ஹார்பின் நகர மருத்துவர்களுக்கு ஒரு கிராமத்து வைத்தியம் தெரியவந்தது. பாஷாணமான ஆர்சனிக், பாதரச உப்பு, தேரை விஷம் மூன்றும் சேர்ந்த மருந்து அது. ஜாங் திங்டோங்கும் அவர் சகாக்களும் அதை ஊசி மருந்தாக்கிப் பல புற்றுநோய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தபோது பலன் தந்தது ஆர்சனிக் ட்ரையாக்சைடு என்று தெரிந்தது. மற்ற இரண்டும் தொல்லை மட்டுமே தந்தன, நீக்கிவிட்டார்கள். ரத்தப் புற்றுநோய்களிலும் ஒரே ஒரு வகையில்தான் அது அபாரமாகப் பலித்தது. சுருக்கமாக ஏபிஎல் என்று அழைக்கப்படும் வகை அது. ரத்தம் உறையாமல் கசிந்து, சில வாரங்களில் ஆளைக் கொண்டுபோகும் கொடுமையான நோய்.

1980-களில் ஷாங்காயில் வாங் ஜென்யீ, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் என்ற மருந்தை இந்த நோய்க்குக் கொடுத்து, கெட்ட ரத்த அணுக்களைக் கொல்லாமலேயே முதிர வைக்க முடியும் என்று காட்டினார். இது மூலிகை மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. ஆனால் இரண்டும் பிற்பாடு கைகோத்தன. ஏபிஎல்லில் 15, 17 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டு ஒரு கலப்படப் புரதத்தை உண்டாக்குகின்றன. ஆர்சனிக் அந்தப் புரதத்தின் ஒரு பாதியை நேரடியாகப் பற்றி அழிவுக்கு அனுப்புகிறது. ட்ரெட்டினாயின் மறு பாதியைத் தாக்குகிறது. ஷாங்காய் ஆய்வாளர் சென் ஜூவும் அவர் குழுவும் இதை மூலக்கூறு அளவில் விளக்கினார்கள்.

1998-இல் அமெரிக்காவில் நோய் திரும்பிய 12 பேருக்கு ஆர்சனிக் கொடுத்ததில் 11 பேருக்கு நோய் அடங்கியது. 2000-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்தது. 2013-இல் வந்த ஐரோப்பியச் சோதனை எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுவது. ஆபத்து குறைந்த ஏபிஎல் நோயாளிகளுக்கு வழக்கமான கீமோதெரபி இல்லாமல் இந்த இரண்டு மருந்துகளை மட்டும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். ட்ரெட்டினாயினோடு கீமோதெரபி பெற்றவர்களில் அது 86 சதவீதம்.

சித்த மருத்துவத்திலும் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எல்லாம் இருக்கின்றனவே. அவையும் புற்றுநோயைக் குணமாக்குமா?

வெள்ளைப் பாஷாணம் அதே ஆர்சனிக் ட்ரையாக்சைடுதான். தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள். நம் சித்தர் மரபும் சீன மரபும் விஷத்தைச் சுத்தி செய்து மருந்தாக்க முயன்றவை. அந்த ஒற்றுமை உண்மையானது, ஆய்வுக்கு உரியது.

ஆனால் ஆர்சனிக் பலித்தது குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கும் ஒரே ஒரு ரத்தப் புற்றுநோயில். மார்பகத்திலோ வயிற்றிலோ வந்த புற்றுக்கு அது பலிக்கும் என்று எண்ணக் காரணம் இல்லை. மருத்துவமனையில் இதைக் கொடுக்கும்போது உடல் எடைக்கு ஏற்ப மில்லிகிராம் கணக்கில் அளந்து, இதயத் துடிப்புப் படம் எடுத்து, பொட்டாசியமும் மெக்னீசியமும் குறையாமல் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள். துடிப்பு தாறுமாறானால் உயிர் போகும். அளவு தெரியாத செந்தூரத்தை வீட்டில் வைத்துச் சாப்பிடுவது வேறு விஷயம்.

ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்தால் மூலிகைக் கூட்டின் சக்தி போய்விடாதா?

நல்ல கேள்வி, ஒரே பதில் கிடையாது. சில நேரம் பிரித்தெடுப்பதுதான் வழி, மேலே பார்த்த இரண்டும் அப்படித்தான். சில நேரம் கூட்டாக இருப்பதில் பொருள் இருக்கலாம். மனோசிலையும் செடிகளிலிருந்து எடுக்கும் நீலமும் சேர்ந்த ஒரு சீன மாத்திரை ஏபிஎல்லுக்குப் பயன்படுகிறது. அதிலுள்ள ஆர்சனிக் சல்ஃபைடு, இண்டிருபின், டான்ஷினோன் மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் 2008-இல் சோதித்தார்கள். மூன்றும் சேர்ந்தபோது விளைவு கூடியது. முதன்மை வேலை ஆர்சனிக்குடையது. மற்றவை அது புற்றணுவுக்குள் நுழையும் வாசலைப் பெருக்கின. ஊசிக்குப் பதில் மாத்திரை என்பதால் நோயாளிக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் வசதியும் கிடைத்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் யுங்-சி செங் என்பவர் நெடுங்காலமாக நான்கு மூலிகைகள் சேர்ந்த ஒரு பழைய வயிற்றுப்போக்குக் கஷாயத்தை ஆராய்ந்து வருகிறார். சுமார் 1800 ஆண்டுப் பழமையான கூட்டு அது. கீமோதெரபியால் வரும் குடல் சேதத்தை எலிகளில் குறைத்தது என்று 2010-இல் வெளியிட்டார். கூட்டு மருந்தில் இருக்கும் பெரிய தலைவலி என்ன என்றால், ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் அதே மருந்துதான் வருகிறது என்று நிரூபிப்பது. மழை, மண், பறித்த மாதம், காயவைத்த விதம் எல்லாம் உள்ளே இருக்கும் வேதிப்பொருளை மாற்றும். அமெரிக்காவில் தாவர மருந்துக்கென்றே ஒப்புதல் வழி இருக்கிறது. அந்த வழியில் இதுவரை தேறியவை மிகச் சில. 2006-இல் பச்சைத் தேயிலைச் சாற்றுக் களிம்பும், 2012-இல் தென் அமெரிக்க மரப்பாலிலிருந்து வந்த மருந்தும் அவற்றில் சேரும்.

முழுக் கூட்டு மருந்துகளை மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்களா?

சமீப காலமாகச் சோதிக்கிறார்கள், எனக்கு மகிழ்ச்சி தரும் மாற்றம் இது. தோங்சின்லுவோ என்ற மாத்திரையில் ஜின்செங் முதல் அட்டை, தேள், பூரான்வரை சேர்ந்திருக்கின்றன. படிக்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும். கடும் மாரடைப்பு வந்த 3777 பேரைச் சீனாவின் 124 மருத்துவமனைகளில் குலுக்கல் முறையில் பிரித்து, வழக்கமான சிகிச்சையோடு சிலருக்கு இதையும் சிலருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையையும் கொடுத்தார்கள். 30 நாளில் இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை போலி மாத்திரைக் குழுவில் 5.2 சதவீதம், மருந்துக் குழுவில் 3.4 சதவீதம். 2023-இல் வெளியானது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சோதனையில், இதயம் பலவீனமான 3100-க்கும் மேற்பட்டவர்களுக்கு சிலிசியாங்சின் என்ற கூட்டைக் கொடுத்தார்கள். இதய நோயால் இறப்பதும் மருத்துவமனையில் சேர்வதும் 30 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தன.

அதே 2024-இல் மூளை ரத்தக்கசிவுக்கு வேறொரு கூட்டுக் கஷாயத்தைச் சோதித்தார்கள். 26 மருத்துவமனைகள், 1648 பேர். எந்தப் பலனும் இல்லை என்று முடிவு வந்தது, அதை அப்படியே வெளியிட்டார்கள். இந்த மூன்றில் நான் அதிகம் மதிப்பது இந்த மூன்றாவதைத்தான். தோற்கவும் இடம் இருக்கும் சோதனைதான் சோதனை.

சீனாவிலிருந்து வரும் ஆய்வுகளை நம்பலாமா?

ஊரைப் பார்க்காதீர்கள், சோதனையைப் பாருங்கள். பழைய ஆய்வுகளில் கோளாறு நிறைய. 1998-இல் ஒரு குழு அக்குபங்சர் சோதனைகளை நாடுவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, சீனாவில் வெளியானவை எல்லாம் வெற்றி என்றே இருந்தன. எல்லாமே வெற்றி என்றால் தோல்விகள் வெளியிடப்படாமல் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டன என்று பொருள். இப்போது பெரிய சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள், போலி மாத்திரை வைக்கிறார்கள். நம்பிக்கை கூடுகிறது. ஆனாலும் மேலே சொன்ன இரண்டு இதய மருந்துகளையும் தயாரிப்பது ஒரே நிறுவனம், நோயாளிகளும் ஏறக்குறைய எல்லாரும் சீனர்கள். வேறு நாட்டில், தொடர்பில்லாத குழு திரும்பச் செய்து அதே முடிவு வந்தால்தான் என் சந்தேகம் தீரும்.

ஆயிரம் ஆண்டாகச் சாப்பிட்ட மருந்தில் என்ன ஆபத்து இருக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கை உயிர்களைக் குடித்திருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மருந்து வாங்கிய இளம் பெண்களுக்குச் சிறுநீரகம் வேகமாகப் பழுதானது. 1993-இல் முதல் அறிக்கை வந்தது. கடைசியில் பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. அந்த மருந்தில் சேர்க்க வேண்டிய ஸ்டெஃபானியா என்ற சீன வேருக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பேரில் விற்கும் அரிஸ்டோலோகியா வேர் சேர்ந்திருந்தது. அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும். அதோடு முடியவில்லை. சிறுநீரகம் பழுதாகி, முன்னெச்சரிக்கையாக அறுவை செய்துகொண்ட 39 பேரைச் சோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. 2000-இல் அந்த முடிவு வெளியானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

பெல்ஜியத்தில் நடந்தது பொருள் மாறிய தவறு, மருந்தின் தவறில்லை என்று சொல்பவர்கள் உண்டு. தைவானைப் பாருங்கள். அங்கே அரிஸ்டோலோகியா வகைகள் முறையான சீன மருந்துகளிலேயே இருந்தன. 2003-இல் தடை வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அவை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. இந்த அமிலம் டிஎன்ஏவில் தனக்கே உரிய தடத்தைப் பதிக்கிறது, கைரேகையைப் போல. தைவானில் எடுத்த 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளில் 78 சதவீதத்தில் அந்தத் தடம் இருந்ததாக 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய பால்கன் கிராமங்களில் பல தலைமுறையாக மர்மமாக இருந்த சிறுநீரக நோய்க்கும் காரணம் இதுவே. கோதுமை வயலில் களையாக வளர்ந்த இந்தச் செடியின் விதை மாவில் கலந்து ரொட்டியில் போயிருக்கிறது.

இத்தனை நூற்றாண்டாக வைத்தியர்கள் ஏன் கவனிக்கவில்லை? அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல. மருந்து சாப்பிட்ட மாலையே வாந்தி வந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்து, இருபது ஆண்டு கழித்து வரும் புற்றுநோயை அன்று குடித்த கஷாயத்தோடு எந்தத் தனி வைத்தியராலும் முடிச்சுப் போட முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கானோரின் பதிவேடு வேண்டும்.

இது நமக்கு அயலூர்ச் சங்கதி இல்லை. ஆடுதீண்டாப்பாளையும், பெருமருந்து என்றும் ஈஸ்வரமூலி என்றும் சொல்லும் கொடியும் அரிஸ்டோலோகியா இனம்தான். இரண்டிலும் அந்த அமிலம் உண்டு. இவற்றை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆய்வில் தேறாமல் போனவையும், பாதி வழியில் நிற்பவையும் எவை?

பாசி போன்ற ஒரு செடியிலிருந்து ஷாங்காய் விஞ்ஞானிகள் 1980-களில் ஹூபர்சின் ஏ என்ற பொருளைப் பிரித்தார்கள். சீனாவில் மறதி நோய்க்குக் கொடுக்கிறார்கள். ஆனால் 2011-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் முதன்மை அளவில் அது பலன் காட்டவில்லை. இணையத்தில் மட்டும் நினைவாற்றல் மாத்திரையாக விற்பனை தொடர்கிறது.

இடிக்கொடி என்று சீனர்கள் அழைக்கும் கொடியின் சாறு மூட்டுவாதத்தில் வழக்கமான மருந்தான மெத்தோட்ரெக்சேட்டுக்கு நிகராக வேலை செய்தது. ஆனால் ஆண்களின் விந்தணுவைக் குறைக்கிறது, அளவு கூடினால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அதிலுள்ள ட்ரிப்டோலைடை நீரில் கரையும்படி மாற்றி மினசோட்டாவில் உருவாக்கிய மருந்தைக் கணையப் புற்றுநோய்க்குச் சோதிக்கிறார்கள். மேலே சொன்ன, செடியிலிருந்து எடுக்கும் நீலம் பெருங்குடல் புண்ணுக்கு நன்றாகப் பலித்தது. ஆனால் ஜப்பானில் அதைச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியதால் அரசு 2016-இல் எச்சரித்தது.

பெர்பெரின் தனிக்கதை. மஞ்சள் நிறமான இந்தப் பொருள் சீனாவின் ஹுவாங்லியான் வேரிலும் நம் மரமஞ்சளிலும் இருக்கிறது. கல்லீரல் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும் வாங்கிகளை இது கூட்டுகிறது என்று 2004-இல் சீனக் குழு காட்டியது. கொழுப்பைக் குறைக்க வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டாடின் மருந்து செய்யும் வழி வேறு. ஆனால் குடலில் இது மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மாரடைப்பைக் குறைக்குமா என்பதற்கு ஸ்டாடினுக்கு இருப்பது போன்ற சான்று இதற்கு இல்லை.

சிங்கப்பூரில், மலேசியாவில் சீன மருந்துக் கடை பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு அதையும் சாப்பிடலாமா?

கேட்காமல் சாப்பிடாதீர்கள். குறிப்பாக, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள். டான்ஷென் வேர் அதன் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவை வரவழைக்கலாம், ஜின்செங் குறைக்கலாம். அதிமதுரம் அதிகமானால் பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் ஏறும். நரைக்கு விற்கும் ஹேஷோவு வேர் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியிருக்கிறது. சிங்கப்பூரில் சீன வைத்தியர்கள் பதிவு செய்யப்பட்டவர்கள், மருந்துகளுக்கும் கண்காணிப்பு உண்டு. இணையத்தில் பேர் தெரியாத இடத்திலிருந்து வாங்குவதைவிட அது மேல்.

கலப்படமும் இருக்கிறது. எட்டு மூலிகை சேர்ந்தது என்று அமெரிக்காவில் விற்ற பிசி-ஸ்பெஸ் மாத்திரை, புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு வியக்கும்படி வேலை செய்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே செயற்கை ஈஸ்ட்ரோஜனும் வார்ஃபரினும் இருந்தன. 2002-இல் திரும்பப் பெற்றார்கள். மூலிகை மாத்திரை அசாதாரண வேகத்தில் பலித்தால் சந்தேகப்படுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சீன மருத்துவத்தை அங்கீகரித்துவிட்டதாமே?

நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் பாரம்பரிய மருத்துவத்துக்கு ஒரு அத்தியாயம் சேர்த்தது, அவ்வளவுதான். 2019-இல் ஏற்கப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானிக்கான பகுதியும் 2024-இல் வந்தது. யார் எதற்காகச் சிகிச்சை பெற்றார்கள் என்று எண்ணுவதற்கான குறியீடுகள் அவை. மருந்து பலிக்கும் என்ற சான்றிதழ் ஆகாது. அந்த எண்ணிக்கையைச் சித்த மருத்துவமனைகள் ஒழுங்காகப் பதிவு செய்தால் நமக்கு ஒரு பெரிய தரவுச் சுரங்கம் கிடைக்கும் என்று ஆசைப்படுகிறேன்.

கரடிப் பித்தம், எறும்புத்தின்னி ஓடு இவையெல்லாம்?

கரடிப் பித்தத்தில் உள்ள உர்சோடியாக்சிகாலிக் அமிலம் உண்மையிலேயே மருந்து. ஒருவகைப் பித்தநாள நோய்க்கு மருத்துவர்கள் தினமும் எழுதுகிறார்கள். ஆனால் 1950-களிலேயே ஜப்பானில் அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். கரடியைக் கூண்டில் அடைக்க எந்த நியாயமும் மிச்சமில்லை. எறும்புத்தின்னி ஓட்டைச் சீனா தன் மருந்துநூலின் 2020 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. அந்த முடிவு சீக்கிரமே வந்திருக்க வேண்டும்.

இப்போது ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது?

ஒரு பக்கம் தயாரிப்பு. கலிஃபோர்னியாவில் ஜே கீஸ்லிங்கின் குழு செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து, ஆர்ட்டெமிசினினுக்கு முந்தைய நிலையான அமிலத்தை 2006-இல் சுரக்க வைத்தது. பெரிய நிறுவனம் ஒன்று 2013-இல் ஆலை அளவில் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் வயலில் விளையும் செடியின் விலையோடு அதனால் போட்டி போட முடியவில்லை. அந்தத் தொழில்நுட்பம் இன்று வேறு அரிய மூலிகைப் பொருள்களுக்குப் பயன்படுகிறது.

இன்னொரு பக்கம், தெரிந்த மருந்துக்குப் புது வேலை தேடுவது. ஷாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழகக் குழு, ஆர்ட்டெமிசினின் வகை மருந்துகள் சினைப்பையில் ஆண் ஹார்மோன் உற்பத்தியைக் குறைப்பதை விலங்குகளில் கண்டது. பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள 19 பெண்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் ஹார்மோன் அளவு குறைந்தது, பலருக்கு மாதவிடாய் சீரானது. 2024-இல் வெளியான இந்த முடிவைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே உற்சாகமாக இருந்தது. ஆனால் 19 பேர்தான், போலி மாத்திரைக் குழு கிடையாது. பிசிஓஎஸ் இருப்பவர்கள் மலேரியா மாத்திரையைக் கடையில் வாங்கிச் சாப்பிட இது போதாது. கர்ப்பம் தரிக்க முயல்பவர்கள் கண்டிப்பாகக் கூடாது. நீண்ட நாள் சாப்பிட்டால் என்ன ஆகும், எந்த அளவு வேண்டும், நிறுத்தினால் பலன் நிலைக்குமா என்பதற்கெல்லாம் பெரிய குலுக்கல் சோதனைகள்தான் பதில் சொல்ல வேண்டும்.